தலைச்சன் குட்டி குடிக்கும் பால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலில், அலை உடைகிற இடத்துக்குச் சற்று வெளியே மீன் தேடி அலைகிற பெண் ஓங்கில் (டால்ஃபின்) ஒன்று, பத்து வயதுக்குப் பக்கத்தில் தன் முதல் குட்டியை ஈனுகிறது. அதுவரை அது தின்ற மீன்களிலிருந்து அதன் கொழுப்பில் சேர்ந்த டிடிடி, டைல்ட்ரின் என்ற பூச்சிமருந்துகள், பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட 80 சதவீதம், பால் கொடுக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே அந்தத் தலைச்சன் குட்டியின் உடம்புக்குள் போய்விடுகிறது. இந்தக் கடற்கரையில் செத்துக் கிடைத்த ஓங்கில்களை வைத்து விக் காக்கிராஃப்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1989இல் போட்ட கணக்கு இது. பழைய கணக்குதான். ஆனால் இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகி டர்பன் வந்து, மெர்பேங்கில் குடியிருக்கிறேன், வார இறுதியில் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். என் கணவரின் தாத்தாவுடைய தம்பி, ரொம்ப வயதானவர், டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்த குடும்பத்துக்காரர். ஓங்கில் என்றால் என்ன என்று அவரிடம்தான் நான் உண்மையில் தெரிந்துகொண்டேன். ஜூன், ஜூலையில் மத்தி கூட்டம் தெற்கிலிருந்து ஏறி வரும்போது அதன் பின்னாலேயே ஆயிரக்கணக்கில் டால்ஃபின்கள் வரும், அவை மத்தியைக் கரைப்பக்கம் விரட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் வலையை எங்கே விடுவது என்று முடிவு செய்வோம் என்பார். "அது நமக்குக் காட்டிக் கொடுக்கும்மா, அதை நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. நாங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்று அந்த மனிதர் சொல்வது முழு உண்மை. வலை இழுத்தவர்கள் பண்ணியதல்ல இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிடிடி, பிசிபி, டைல்ட்ரின், மைரெக்ஸ் மாதிரியானவற்றை நீடித்த கரிம மாசுகள் என்கிறார்கள். வெயிலோ நுண்ணுயிரியோ இவற்றை லேசில் உடைத்துவிட முடியாது, அதனால் மண்ணிலும் சேற்றிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஆனால் கொழுப்பைக் கண்டால் விடாது. கடல் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் ஒன்றுமே இல்லை என்கிற அளவில்தான் இருக்கும். அந்தத் தண்ணீரில் மிதக்கிற பாசி நுண்ணுயிரில் கொஞ்சம் கூடும், அதைத் தின்கிற சின்ன மீனில் இன்னும் கூடும், சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனில் அதைவிடக் கூடும். மீனாவது செவுள் வழியாகக் கொஞ்சத்தைத் தண்ணீரிலேயே திருப்பி விட்டுவிடும். ஓங்கில் காற்றைச் சுவாசிக்கிற, சூடான ரத்தமுள்ள பிராணி, அதற்கு அந்த வழியும் இல்லை. உடம்புச் சூடு காக்கத் தினமும் நிறையத் தின்ன வேண்டும், தோலுக்கடியில் கனத்த கொழுப்பும் வேண்டும். போதாக்குறைக்கு, பிசிபியின் சில வகைகளை உடைக்கத் தேவையான நொதிகள் சிறிய திமிங்கில இனங்களின் ஈரலில் மிகக் குறைவு என்பதை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனாபே 1980களிலேயே காட்டிவிட்டார். தரையில் வாழ்கிற பாலூட்டிகள் பலவும் சமாளிக்கிற நஞ்சைக்கூட இவற்றால் சமாளிக்க முடிவதில்லை.

ஆக, உள்ளே போனது உள்ளேயே தங்குகிறது. ஆண் ஓங்கிலில் வயது ஏற ஏற அளவும் ஏறிக்கொண்டே போகும், சாகிற வரைக்கும். பெண்ணிலும் அப்படித்தான் ஏறும், முதல் பிரசவம் வரை. அப்புறம் சட்டென்று இறங்கிவிடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சிறுவாடு சேர்த்து, மூத்த பிள்ளைக்கு ஒரு தேவை என்று வரும்போது மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்களே, அப்படி. கடல் பாலூட்டிகளின் பாலில் கொழுப்பு மிக அதிகம், குளிர்ந்த நீரில் குட்டி சீக்கிரம் கொழுக்க வேண்டும் என்பதற்காக. தாய் தன் கொழுப்பைக் கரைத்துத்தான் அந்தப் பாலைச் சுரக்கிறது, கொழுப்பு கரையும்போது அதில் பூட்டிக் கிடந்ததும் கூடவே வருகிறது. இரண்டாவது குட்டிக்கும் மூன்றாவதுக்கும் கிடைப்பது குறைவு, அவை பிறப்பதற்குள் தாய் பெரும்பாலும் காலியாகிவிடுகிறாள். முதல் குட்டிதான் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது, மூளையும் நோயெதிர்ப்பும் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற அந்த வயதில்.

ஃபுளோரிடாவின் சரசோட்டா வளைகுடாவில் 1970 முதல் ஓங்கில்களைத் தலைமுறை தலைமுறையாக அடையாளம் வைத்துக் கவனிக்கிறார்கள். அங்கே தலைச்சன் குட்டிகள் முதல் வருஷத்தைத் தாண்டிப் பிழைப்பது அடுத்தடுத்துப் பிறந்தவற்றைவிடக் குறைவு. தாய்க்கு அனுபவம் போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நஞ்சுக்கும் இதில் பங்கு உண்டு என்ற சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. 1986இல் ஹாலந்தில் பீட்டர் ரைண்டர்ஸ் சீல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு வாடன் கடலின் மாசுபட்ட மீனையும் மற்றதுக்கு அட்லாண்டிக்கின் சுத்தமான மீனையும் கொடுத்துப் பார்த்தார். மாசு மீன் தின்ற கூட்டத்தில் குட்டி போட்டவை தெளிவாகக் குறைந்தன. மீனைத் தவிர வேறெதையும் மாற்றாமல் செய்த சோதனை அது.

இதெல்லாம் நம் கரைக்கு எப்படித் தெரியவந்தது என்பது எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற கதை. டர்பனில் 1952 முதல் குளிக்கிற கடற்கரைகளுக்கு முன்னால் சுறா வலைகள் கட்டியிருக்கிறார்கள். வலை சுறாவைத் தடுக்கிற வேலி இல்லை, சுறாவைச் சிக்கவைத்துக் கொல்கிற செவுள் வலைதான் அது. அதில் ஆமையும் திருக்கையும் ஓங்கிலும் சிக்கி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் சாகும். அப்படிச் செத்தவற்றை, வலைகளைப் பராமரிக்கிற சுறா வாரியம் குப்பையில் போடவில்லை, ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. வயது பார்க்கப் பல், வயிற்றில் என்ன மீன் என்று பார்க்க இரைப்பை, நஞ்சு பார்க்கக் கொழுப்புத் துண்டு. இந்தக் கரையின் ஓங்கில் பால் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அப்படிச் செத்த தாய்களும் குட்டிகளும் சொன்னதுதான்.

இந்தக் கரையின் டால்ஃபின்களிலேயே மோசமான நிலையில் இருப்பது முதுகில் திமில் மாதிரி மேடுள்ள ஹம்ப்பேக் டால்ஃபின். ஆழம் 25 மீட்டருக்கு மேல் போகவே விரும்பாது, ஆற்று முகத்துவாரங்களின் கலங்கல் நீர்தான் அதன் வீடு, துகெலா ஆற்றுப் பக்கமும் ரிச்சர்ட்ஸ் பே பக்கமும் அதைப் பார்க்கலாம். வலை இழுத்த அந்தத் தாத்தாவுக்கு அதைத் தெரியும், "சேத்துத் தண்ணியிலதான் நிக்கும், கூட்டம் சேராது, நாலு அஞ்சுதான் வரும்" என்றார். தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் 500க்கும் குறைவாகத்தான் மிச்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், உலகப் பட்டியலிலும் அழியும் ஆபத்தில் இருக்கிற இனம். கரையிலிருந்து ஆறு எதைக் கொண்டுவந்து கொட்டுகிறதோ அதை முதலில் வாங்கிக்கொள்வது இதுதான், ஆகவே டர்பன் இருக்கிற குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் சோதித்த டால்ஃபின் இனங்களில் இதன் கொழுப்பில்தான் நஞ்சு மிக அதிகம். அதிலும் டிடிடி முன்னால் நிற்கிறது.

டிடிடியா, அதுதான் எப்போதோ தடை செய்தாயிற்றே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, நான் யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதும் இந்த இடத்தில்தான்.

தென்னாப்பிரிக்கா விவசாயத்தில் டிடிடியை 1970களில் தொடங்கி 1980களின் முற்பகுதிக்குள் முழுக்க நிறுத்திவிட்டது. ஆனால் மொசாம்பிக் எல்லைப் பக்கம், ஜோசினி, இங்வாவுமா மாதிரி ஊர்களில், மலேரியா கொசுவுக்காக வீட்டுச் சுவர்களின் உள்பக்கம் அடிப்பதை விடவில்லை. 1996இல் அதையும் நிறுத்தி, பைரெத்ராய்டு வகை மருந்துக்கு மாறினார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். டிடிடி காலத்தில் இங்கிருந்து ஒழிந்துபோன ஒரு கொசு இனம், அனாஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ், புது மருந்துக்கு மசியாத வகையாகத் திரும்பி வந்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 64,000 பேருக்கு மேல் மலேரியா கண்டது, நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்த ஆண்டே டிடிடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷம் புதிய கூட்டு மாத்திரையும் வந்தது, இரண்டும் சேர்ந்து நோய் சரசரவென்று இறங்கியது.

அந்த முடிவைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் குழந்தை செத்த வீட்டில் போய் நின்று ஓங்கில் குட்டியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது, யாருக்கும் வரக்கூடாது. இணையத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துகிறவர்கள், டிடிடி தெய்வம் என்பவர்களும் டிடிடி பேய் என்பவர்களும், அந்தச் சுவருக்கு உள்ளே படுத்துத் தூங்குகிறவர்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை. மருந்து அடித்த மண் சுவருக்குள்தான் அவர்கள் சமைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஹெங்க் பௌமன் என்ற பேராசிரியர் அந்த ஊர்ப் பெண்களின் தாய்ப்பாலைப் பல ஆண்டுகள் சோதித்தார். பாலில் டிடிடி இருந்தது, 2006இல் வெளியான கட்டுரையில் பைரெத்ராய்டும் கூடவே இருந்ததைக் காட்டினார். முதல் பிள்ளை பெற்றவர்களின் பாலில் அளவு அதிகம், அடுத்தடுத்த பிள்ளைகள் பெற்றவர்களின் பாலில் குறைவு. கடலில் நடப்பது கரையிலும் நடக்கிறது, அதே வழியில், தலைச்சன் பிள்ளைக்கே.

என் நாத்தனார் மகள் அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள், முதல் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய சமயம். நான் இதையெல்லாம் படிப்பது அவளுக்குத் தெரியும். ஒரு ராத்திரி போன் செய்து, "மாமி, நான் பால் கொடுக்கலாமா வேண்டாமா, நேரா சொல்லுங்க" என்றாள். "கொடு கண்ணு, கண்டிப்பா கொடு" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாய்ப்பால் தருகிற எதிர்ப்பு சக்தியும் சத்தும் இந்த ஆபத்தைவிடப் பெரிது என்றுதான் இதை ஆராய்ந்தவர்களும் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறார்கள், சீம்பாலைக் கொட்டிவிட்டுப் பவுடர் பால் கரைப்பதற்கு அசுத்தத் தண்ணீர்தான் கிடைக்கிற ஊரில் அது இன்னும் பெரிய ஆபத்து. அவளும் கொடுத்தாள். ஆனால் ஒரு பெண் தன் பாலைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டிய நிலை வந்ததே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது, இன்னும் இருக்கிறது. அவளாவது கேட்க முடிந்தது.

இதில் இன்னொன்று. டிடிடி திரும்பி வந்த அதே 2000ஆம் ஆண்டு டிசம்பரில்தான், இந்த நாட்டின் ஜோகன்னஸ்பர்க் நகரில், உலக நாடுகள் கூடி நீடித்த கரிம மாசுகளுக்கு எதிரான ஒப்பந்தத்தின் வாசகத்தை முடித்தன. 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் அதை ஏற்றார்கள், 2004இல் நடைமுறைக்கு வந்தது. முதல் பட்டியலில் 12 ரசாயனங்கள். டிடிடிக்கு மட்டும், நோய் பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக, மாற்று கிடைக்கும்வரை அனுமதி. அந்தப் பேச்சுவார்த்தைகளில் வடதுருவத்து இனூயிட் மக்கள் சார்பில் ஷீலா வாட்-க்ளூட்டியே ஒரு சின்னக் கற்சிற்பத்தைக் கொடுத்தார், தாயும் பிள்ளையும். தலைவர் ஜான் புச்சினி கூட்டங்களில் அதை மேசைமேல் தன் முன்னால் வைத்திருந்தார். ஏன் இனூயிட் என்றால், சீலும் திமிங்கிலமும் தின்று வாழ்கிற அந்தப் பெண்களின் பாலில் பிசிபி அளவு கனடாவின் தென் கியூபெக் பெண்களைவிட ஐந்து மடங்கு என்று 1980களில் எரிக் டெவாய்லி கண்டுபிடித்தார். அவர் மாசில்லாத பால் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்று நினைத்துத்தான் அங்கே போனார்.

பனிக்கட்டி தேசத்துக்கு இந்த மாதிரி நஞ்செல்லாம் எப்படிப் போனது? அதற்கு விடை என் ஊர்ப் பக்கமே இருக்கிறது, படித்தபோது கை நடுங்கிவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கையில் அப்பா வயலில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பொடியை மணலோடு கலந்து வெறுங்கையால் தூவுவார். வீட்டில் எறும்புக்கு கெமக்சின் பவுடர், அதுவும் அதே குடும்பம்தான். யாரும் தப்பாக நினைக்கவில்லை, வேளாண்மை ஆபீசிலேயே கொடுத்தார்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் ஆய்வாளர்களும் தனாபேயின் குழுவும் சேர்ந்து, வெள்ளாற்றுப் பாசன வயல்களில் போட்ட அந்தப் பொடி எங்கே போகிறது என்று அளந்தார்கள். 1991இல் வந்த முடிவு: 99.6 சதவீதம் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது, 0.4 சதவீதம்தான் ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது. எங்கள் வெயிலில் எழும்பிப் போய், குளிர்ந்த ஊரில் இறங்கித் தங்கிவிடுகிறது. 1966லேயே அண்டார்டிகாவின் பெங்குவினிலும் நண்டுண்ணி சீலிலும் டிடிடி கண்டுபிடித்திருந்தார்கள், அங்கே யார் போய் மருந்து அடித்தார்கள்? இந்தியா பி.எச்.சி.யை 1997இல் தடை செய்தது. அப்பா தூவியதில் எத்தனை அணு எந்தத் தாய்த் திமிங்கிலத்தின் கொழுப்பில் உட்கார்ந்திருக்கிறதோ, நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விற்றவர்கள் மேல் இருக்கிறது.

பிசிபி வேறு கதை, வயலுக்கு வந்ததே இல்லை. மின்மாற்றி எண்ணெய், கண்டன்சர், பெயின்ட், கட்டடங்களின் இணைப்பு அடைப்பு இவற்றுக்காக 1929 முதல் தயாரித்தார்கள், பத்து லட்சம் டன்னுக்கு மேல். டர்பன் துறைமுகச் சேற்றிலும் அது கிடக்கிறது. 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலு என்று பெயர் வைத்திருந்த பெண் ஓர்க்கா (கொலைத் திமிங்கிலம்) கரை ஒதுங்கியது. அதன் கொழுப்பில் பிசிபி கிலோவுக்கு 957 மில்லிகிராம். 9 மில்லிகிராமைத் தாண்டினாலே கெடுதல் தொடங்குகிறது என்று ஒரு கணக்கு உண்டு. லூலுவுக்குக் குறைந்தது 20 வயது, ஆனால் அதன் சூலகம் வேலை செய்ததற்கு அடையாளமே இல்லை, குட்டியே போடவில்லை. கொடுத்து இறக்க ஒரு தலைச்சனும் வராததால் அத்தனையும் அதன் உடம்பிலேயே நின்றது. ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப்படி பிசிபி உள்ள கருவிகளின் பயன்பாட்டை நிறுத்த 2025, கழிவைப் பாதுகாப்பாக அழிக்க 2028 என்று கெடு வைத்திருக்கிறார்கள். மூலையில் துருப்பிடித்து ஒழுகிக் கொண்டிருக்கிற பழைய மின்மாற்றியைக் கண்டால் நகராட்சிக்குச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன், கேட்கிற வரை சொல்கிறேன்.

வகுப்புக்கு வருகிற அம்மாக்கள் கேட்பது ஒன்றே ஒன்று: அப்போ மீன் சாப்பிடலாமா? மத்தி சாப்பிடலாம், தாராளமாக. அது குறைந்த ஆயுள் மீன், சங்கிலியில் கீழே இருப்பது, சேர்க்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. சுறா மாதிரிப் பெரிய, வயதான மீனைக் குறைத்துக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகள் முக்கியமாக. 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து, உம்லாங்கா கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதந்தபோது எல்லாரும் பயந்தோம், கடற்கரையை மூடினார்கள். அது நியாயமான பயம். நான் எழுதுகிற இந்த நஞ்சுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, எந்தக் கடற்கரையையும் இதற்காக யாரும் மூடப் போவதில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், அளந்துகொண்டே இருக்க வேண்டும். டிடிடி உடம்புக்குள் போனபின் மெல்ல டிடிஈ என்ற பொருளாக மாறுகிறது. கொழுப்பில் டிடிஈ பெரும்பங்கு என்றால் அது பழைய நஞ்சு, மாறாத டிடிடி கூடுதலாக இருந்தால் புதிதாக எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். போங்கோலா ஆற்று வெள்ளச் சமவெளியின் புலிமீன்களில் மிக அதிக டிடிடி இருந்ததை ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். கடலில் திமில் ஓங்கிலுக்கு எந்தப் பங்கு பழசு, எந்தப் பங்கு புதுசு என்று வருஷா வருஷம் பார்த்தால்தான், மலேரியாத் துறையிடம் மாற்று மருந்துக்கும் கொசுவலைக்கும் வீட்டுச் சுவர் பூசுவதற்கும் இன்னும் பணம் ஒதுக்கச் சொல்லி நாம் ஆதாரத்தோடு கேட்க முடியும். சுறா வலைகளைச் சில இடங்களில் குறைத்து, தூண்டில் மிதவைகளை வைக்கிறார்கள். டால்ஃபின்கள் குறைவாகச் சாகும், அதைவிடச் சந்தோஷம் எனக்கு இல்லை. ஆனால் மாதிரியும் குறையும். அதற்கு வழி இருக்கிறது, படகிலிருந்து சின்ன அம்பு எய்து உயிரோடு நீந்துகிற ஓங்கிலிடமிருந்தே விரல்நுனி அளவு தோலும் கொழுப்பும் எடுத்துவிடலாம், காயம் சீக்கிரம் ஆறிவிடும். படகுக்கும் ஆளுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பணம் வேண்டும், 500க்கும் குறைவாக மிஞ்சியிருக்கிற ஒரு இனத்துக்கு இந்த மாகாணம் அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.